ஒரு கடைவாய்ப்பல் போனால்: இம்ப்ளான்டா, பிரிட்ஜா, கழற்றி மாட்டும் பல்லா, ஒன்றுமே வேண்டாமா?

கேள்வி, மும்பை காட்கோபர் வாசகர், 2023 ஆகஸ்ட் 6

எனக்கு வயது 48. கீழ்த்தாடையின் வலப்பக்கம் முதல் கடைவாய்ப்பல் வேர்வரை பிளந்துவிட்டதால் சென்ற பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். ஒரு மருத்துவர், தாடை எலும்புக்குள் டைட்டானியத் திருகு வைத்து அதன்மேல் பல் பொருத்தும் இம்ப்ளான்ட்தான் சரி என்கிறார். இன்னொருவர் பக்கத்துப் பற்களைச் செதுக்கி மூன்று பல் பிரிட்ஜ் போட்டால் இரண்டு வாரத்தில் வேலை முடியும் என்கிறார். ஊரிலிருக்கும் என் அப்பா கழற்றி மாட்டும் பல் செட்டோடு இருபது வருடமாக முறுக்குத் தின்பவர். இரண்டுமே வீண்செலவு என்பது அவர் கட்சி. இணையத்தில் எங்கு பார்த்தாலும் இம்ப்ளான்ட்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று இருக்கிறது. அப்படியானால் மற்ற வழிகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

2023 ஆகஸ்ட் 6, இரவு

நீங்கள் எழுதியதில் ஒரு விவரம் இல்லை. அது தெரியாமல் யாரும் உங்களுக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. அந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் நிற்கிற இரண்டு பற்கள் எப்படி இருக்கின்றன? அவற்றில் சொத்தைக்குப் போட்ட பெரிய அடைப்பு உண்டா, ரூட் கேனால் ஆகியிருக்கிறதா, ஏற்கெனவே கேப் என்கிற உறை போட்டிருக்கிறதா, அல்லது முளைத்த மேனிக்கு முழுமையாக இருக்கின்றனவா?

எங்கள் வீட்டிலேயே இரண்டு விடை உண்டு. எனக்குப் போனது உங்களுக்குப் போன அதே பல், ஆனால் இடப்பக்கம். இருபுறமும் இருந்தவை ஒரு புள்ளிச் சொத்தைகூட இல்லாத பற்கள். பிரிட்ஜ் என்றால் அவற்றின் எனாமலைச் சுற்றிலும் செதுக்கி இளைக்க வைத்து, அதன்மேல் கேப்பை ஏற்ற வேண்டும்; ஒருமுறை போன எனாமல் மீண்டும் வளராது. நல்ல பற்கள் இரண்டைக் கெடுத்து இல்லாத பல் ஒன்றைக் கொண்டுவர மனம் ஒப்பாமல் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். என் கணவருக்கு மேல்தாடையில் ஒரு முன்கடைவாய்ப்பல் போனபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. இருபக்கப் பற்களுக்கும் முன்பே ரூட் கேனால் ஆகியிருந்தது, ஒன்றின் பழைய கேப்பில் விரிசலும் விட்டிருந்தது. எப்படியும் அந்த இரண்டுக்கும் புதிய கேப் போட்டாக வேண்டும். போடும்போது நடுவில் ஒரு பல்லையும் சேர்த்துச் செய்துவிட்டால் அறுவைச் சிகிச்சை இல்லாமலே இடைவெளி மூடும் என்று, செம்பூரில் எனக்கு இம்ப்ளான்ட் வைத்த அதே மருத்துவர் அவருக்குப் பிரிட்ஜ் போட்டார்.

ஆகவே போன பல்லைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, இருக்கும் பற்களைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு மருத்துவர்களிடமும் எக்ஸ்ரேயை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையது.

2023 ஆகஸ்ட் 8

ஆறு மாதமாக இடம் காலியாக இருக்கிறது என்பதை நேற்று மறுபடி படித்தபோதுதான் கவனித்தேன். இதில் காலமும் ஒரு கட்சிக்காரர்.

பல் எடுத்த இடத்தில் எலும்பு சும்மா இருப்பதில்லை. அதைத் தாங்கி நின்ற எலும்பு வரம்புக்கு இனி வேலை இல்லை என்பதால் அது கரையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டில் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும் என்றும், அந்த இழப்பில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நடந்துவிடும் என்றும் அளந்து சொல்லியிருக்கிறார்கள். உயரமும் குறையும், ஆனால் அகலம் அளவுக்கு இல்லை. இன்னொரு பக்கம், பின்னால் நிற்கும் இரண்டாம் கடைவாய்ப்பல் காலியிடத்தை நோக்கி மெல்லச் சாயும். மேல்தாடையில் எதிரே இருப்பது கடிக்க ஆளில்லாமல் கீழே இறங்கும். சாய்ந்த பல்லின்மேல் பிரிட்ஜ் பொருத்துவது கடினம். இறங்கிய எதிர்ப்பல்லின் கீழே இம்ப்ளான்டின் கேப்புக்கு உயரம் கிடைக்காது, அப்போது ஒன்றும் செய்யாத அந்த மேற்பல்லையும் செதுக்க நேரும்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்தி நாளைக்கே நாற்காலியில் உட்காரவைக்க அல்ல. ஆறு மாதம் என்பது பெரும்பாலானவர்களுக்குக் கைமீறிய காலம் இல்லை. ஆறு வருடம் என்று எழுதியிருந்தால் என் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

2023 ஆகஸ்ட் 9

"டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு" என்று டோம்பிவிலி நண்பர் எழுதியிருக்கிறார். விற்பனைப் பேச்சு நிறைய உண்டு, ஆனால் இது அதில் சேராது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரோனமார்க் 1952-இல் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தாலான ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதை எடுக்கப் பார்த்தபோது எலும்பு அதை விடவில்லை. பல்லுக்கும் அவர் ஆராய்ச்சிக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. தாடைக் குறைபாட்டோடு பிறந்த யோஸ்டா லார்சன் என்பவருக்கு 1965-இல் கீழ்த்தாடையில் இவ்வகை இம்ப்ளான்டுகளை முதன்முதலாக வைத்தார்கள். 2006-இல் அவர் இறக்கும்வரை அவை வேலை செய்தன. ஆனாலும் பல் மருத்துவ உலகம் இதை ஏற்க 1982-இல் டொரொன்டோவில் நடந்த மாநாடுவரை காத்திருந்தது. அவ்வளவு சந்தேகப்பட்டு ஏற்றுக்கொண்ட சங்கதியை நாமும் கொஞ்சம் நம்பலாம்.

2023 ஆகஸ்ட் 13

ஆனால் இம்ப்ளான்ட் "வாழ்நாள் முழுதும்" உழைக்கும் என்று முலுண்டிலிருந்து ஒருவர் எழுதியிருப்பதற்கு மறுப்பு. எலும்புக்குள் இருக்கும் திருகு நெடுங்காலம் நிற்கலாம். அதன்மேல் இருக்கும் கேப்புக்கு அந்த உத்தரவாதம் இல்லை: பீங்கான் உதிரும், இணைப்புத் திருகு தளரும், கேப்பை மாற்ற வேண்டியும் வரும். இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது என்பது மெய். ஈறு நோய் வரும், அதைச் சுற்றியுள்ள எலும்பையே அரிக்கும், வலிக்காமலே அரிக்கும். முன்பு ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். பல் போன காரணமே போகாமல் வாயில் இருக்கிறது அல்லவா?

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இயற்கையான பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. அதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பதை மூளைக்குச் சொல்கிறது. இம்ப்ளான்டில் அந்தப் படலம் இல்லை. சோற்றில் கல் கிடந்தால் மற்றப் பல் உடனே நின்றுவிடும். இம்ப்ளான்ட் நிற்காது, முழு பலத்தோடு கடிக்கும். எனக்கு இது பழகச் சில மாதங்கள் ஆயின. இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமுள்ளவர்கள் இதை மருத்துவரிடம் தாமாகச் சொல்லிவிடுவது நல்லது, அவர்களுக்கு இரவுக் காப்பு உறை தேவைப்படும்.

2023 ஆகஸ்ட் 13, சற்றுப் பின்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு என் கணவர், "அப்படியானால் என் பிரிட்ஜ்தான் மேல்" என்கிறார். அதற்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

2023 ஆகஸ்ட் 20

பிரிட்ஜ் பற்றி. இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: மூன்று பற்களின் சுமையை இரண்டு வேர்த்தொகுதிகள் தாங்குகின்றன. கேப்பின் விளிம்பும் ஈறும் சேரும் கோட்டில் அழுக்கு தங்கினால் உள்ளே சொத்தை தொடங்கும். ரூட் கேனால் ஆன பல்லில் நரம்பு இல்லாததால் வலியும் எச்சரிக்காது. ஒரு நாள் மொத்தமும் ஆடிக் கையோடு வந்துவிடும். அப்போது ஒரு பல்லுக்குப் பதில் மூன்று பற்களின் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கும். நன்றாகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள். அதைத் தாண்டி உழைப்பவையும் உண்டு.

பராமரிப்பு என்றால் என்ன? நடுவில் தொங்கும் செயற்கைப் பல்லின் அடிப்புறத்தில் பல்லிடுக்கைத் துடைக்கும் சாதாரண ஃப்ளாஸ் நூல் மேலிருந்து நுழையாது, ஏனென்றால் மூன்றும் ஒட்டியிருக்கின்றன. ஒரு முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சுபோலவும் உள்ள தனி வகை நூலைப் பக்கவாட்டில் கோர்த்து இழுக்க வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் வாட்டர் ஃப்ளாசர் உதவும், ஆனால் நூலுக்கு முழு மாற்று ஆகாது. பிரிட்ஜ் போட்ட மருத்துவர் இதைக் கண்ணாடி முன் நிற்க வைத்துச் செய்துகாட்டாமல் அனுப்பினால், திரும்பப் போய்க் கேளுங்கள். என் கணவர் செய்தித்தாள் படிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்துவிட்டார், அதனால்தான் அவருக்கு அந்த வீறாப்பு.

2023 ஆகஸ்ட் 27

தானேயிலிருந்து வந்த கேள்வி கொஞ்சம் விலகியது, ஆனால் முக்கியமானது: பதினைந்து வயது மகளுக்குப் பள்ளி விளையாட்டில் மேல் முன்பல் விழுந்துவிட்டது, கல்யாணத்துக்கு முன் இம்ப்ளான்ட் வைத்துவிடலாமா என்கிறார் அந்தத் தாய்.

கல்யாணம் கிடக்கட்டும், இப்போது வைக்கக் கூடாது. தாடை வளரும்போது இயற்கைப் பற்கள் அதனோடு சேர்ந்து இறங்கும், எலும்போடு ஒட்டிய இம்ப்ளான்ட் இருந்த இடத்திலேயே நிற்கும். சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக, ஈறு மேலேறித் தெரியும். வளர்ச்சி முடியும் வயது பெண்களுக்குப் பதினேழு பதினெட்டையும் ஆண்களுக்கு இருபதையும் ஒட்டி வரும், ஆளுக்கு ஆள் மாறும். அதுவரைக்கும் மேரிலாண்ட் பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு: பக்கத்துப் பல்லை அதிகம் செதுக்காமல், அதன் உட்புறத்தில் ஒரு சிறகுபோன்ற தகட்டை ஒட்டிப் பல்லை நிறுத்துவார்கள். எப்போதாவது கழன்று விழும், திரும்ப ஒட்டலாம். முன்பல்லுக்கு இது தற்காலிக வழி மட்டுமல்ல, பல ஆண்டு ஓடும் வழியும்கூட. கடைவாய்க்கு இதைச் சிபாரிசு செய்பவர்கள் குறைவு, அங்கே கடி வேறு.

மற்ற பெற்றோருக்கு: நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டுக்கொண்டு அரை மணி, ஒரு மணிக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். திரும்ப நட வாய்ப்புண்டு. பாற்பல்லை மட்டும் திரும்ப நடக் கூடாது.

2023 செப்டம்பர் 3

ஒன்றுமே செய்யாமல் விடுவது. இதைத் தலைப்பில் சேர்த்தது சும்மா இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த கெய்சர் என்ற பல் மருத்துவர் 1981-இல், முன்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் சோடியாக இருந்தால் கடைசிக் கடைவாய்ப்பற்கள் இல்லாமலே பலர் நன்றாக மென்று வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். ஜப்பானில் 1989 முதல் நடக்கும் இயக்கத்தின் இலக்கே எண்பது வயதில் இருபது பற்கள் என்பதுதான். 32 வேண்டும் என்று அங்கேயும் யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. கடைசியிலிருக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல் போய், எதிர்ப்பல்லும் இறங்காமல் இருந்தால், என் அண்ணனைப் போல விட்டுவிடலாம். அவருக்கு ஒரு மருத்துவர் "விட்டுவிடுங்கள்" என்று சொன்னபோது, அந்த ஆள் வியாபாரம் தெரியாதவர் என்று நாங்கள் சிரித்தோம். பிறகு குடும்பத்தில் பாதிப் பேர் அவரிடம்தான் போகிறோம்.

காட்கோபர் நண்பருக்கு இது பொருந்தாது. போனது முதல் கடைவாய்ப்பல். மெல்லும் வேலையில் தலையாய பங்கு அதற்கு. பின்னால் சாய்வதற்கும் ஒரு பல் காத்திருக்கிறது.

2023 செப்டம்பர் 17

கொழுக்கட்டைப் பண்டிகை நெருங்குவதால் மாட்டுங்காவில் கடைக்குப் போன இடத்தில் ஒரு தோழி பிடித்துக்கொண்டார். "எலும்புப் பொடி வைக்க வேண்டும் என்கிறார்கள், அது எதன் எலும்பு?" என்பது அவர் சந்தேகம். கேட்க வேண்டிய சந்தேகம். எலும்பு குறைந்த இடத்தை நிரப்பப் பயன்படும் பொருட்களில் பரவலானது, மாட்டு எலும்பிலிருந்து உயிர்ப்பொருளை நீக்கித் தயாரிக்கப்படுவது. அதன்மேல் போர்த்தும் கொலாஜன் படலம் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவதாக இருக்கலாம். இவை மருத்துவ ரீதியில் நன்றாக வேலை செய்கின்றன, அதில் தகராறு இல்லை. ஆனால் சைவ உணவுக்காரர்களும் பன்றியை விலக்கும் இஸ்லாமியர்களும் அறுவை முடிந்த பிறகு பெட்டியைப் படித்துத் திடுக்கிடக் கூடாது. ஹைட்ராக்சி அபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் முதலிய செயற்கைப் பொருட்கள் உண்டு; பல இடங்களில் அவையே போதும். நாற்காலியில் சாய்வதற்கு முன் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மருத்துவர்கள் ஒளிப்பதில்லை, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

2023 அக்டோபர் 1

காட்கோபர் அப்பாவின் கட்சியையும் பேச வேண்டும், ஏனென்றால் என் மாமியாருக்கு இரண்டு தாடையிலும் முழு செட்.

ஒரு பல்லுக்காகக் கழற்றி மாட்டும் செட் என்பது நாற்பதுகளில் உள்ளவருக்கு இடைக்கால ஏற்பாடாகத்தான் நன்றாக இருக்கும். ஈறின்மேல் உட்காரும் அக்ரிலிக் தட்டு உணவை அடியில் சேர்க்கும், கொக்கி பிடித்த பல்லைச் சுற்றி அழுக்கு தங்கும். பல பற்கள் போனவர்களுக்குக் கோபால்ட் குரோமியத்தில் வார்த்த மெல்லிய சட்டம் கொண்டது அக்ரிலிக்கைவிட உறுதியானது. வளையும் நைலான் வகை பார்க்க அழகு, கொக்கி தெரியாது. ஆனால் உடைந்தால் ஒட்டவைப்பதும் பின்னர் ஒரு பல்லைச் சேர்ப்பதும் சிரமம்.

முழு செட்டில் மேல்தட்டு அண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ்த்தட்டுக்கு அண்ணம் இல்லை, நடுவில் நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். மழைக்காலத் தரையில் வைத்த வாளிமூடிபோல அது வழுக்கிக்கொண்டே இருந்தது என் மாமியாருக்கு. முழு செட்டின் கடிபலம் இயற்கைப் பற்களின் பலத்தில் நாலில் ஒரு பங்கை எட்டுவதே பெரிது என்பதால், அவர் அவியலைக்கூட மசித்துத்தான் சாப்பிட்டார். ஒட்டும் பசையை ட்யூப் ட்யூபாகத் தடவினார். துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறி நீண்டகாலம் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் செம்பு குறைந்து நரம்புகள் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகி, பெரிய நிறுவனம் ஒன்று 2010-இல் அத்தகைய பசைகளை நிறுத்தியது. ட்யூபின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள். நாளுக்கு நாள் பசை அதிகம் தேவைப்படுகிறது என்றால் செட் பொருந்தவில்லை என்று பொருள். எலும்பு கரைந்துகொண்டே போவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்புறத்தைப் புதிதாகப் படியவைக்க வேண்டும்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கூடிய வல்லுநர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு முதல் தேர்வாக இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் செட்டைச் சட்டைப் பித்தான்போல் பொருத்துவதைத்தான் சொல்ல வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். என் மாமியாருக்கு அதைத்தான் செய்தோம். இரண்டே இரண்டு. வாயைத் திறந்து சிரிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான், சண்டைபோடவும்.

2023 அக்டோபர் 4

"வயதானவர்களுக்கு நிரந்தரமாகப் பூட்டிய முழு வரிசைப் பல்லே வைத்துவிடலாமே, பணம் இருக்கிறது" என்ற கருத்துக்கு: பணம் உங்களிடம் இருக்கிறது, கை யாருடையது? நாலு இம்ப்ளான்ட் வைத்து முழு வரிசையைத் திருகிப் பூட்டும் முறை நல்ல முறைதான், எழுபதிலும் வைக்கலாம், வயது தடையில்லை. ஆனால் அதன் அடிப்பகுதியைத் தினமும் தூரிகையாலும் நீராலும் சுத்தம் செய்ய வேண்டும். பார்க்கின்சன் நோயால் கை நடுங்குகிறவருக்கும், மறதி நோய் தொடங்கியவருக்கும் அதை இன்னொருவர் செய்துவிட வேண்டியிருக்கும். கழற்றக்கூடிய செட் என்றால் பார்த்துக்கொள்ளும் பெண் கழற்றிக் கழுவி இரண்டு நிமிடத்தில் மாட்டிவிடுவாள். பூட்டியதென்றால் அந்தப் பெண் ஒருவரின் வாய்க்குள் கைவிட்டுப் போராட வேண்டும், பெரும்பாலும் விட்டுவிடுவாள். பதினைந்து வருடம் கழித்து யார் சுத்தம் செய்வார்கள் என்பதை முதல் குறிப்பில் எழுதிய கேள்வியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழுவும் முறைக்கு ஒரே வரி: இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள், சோப்பும் மென்மையான தூரிகையும் போதும், பற்பசை கீறும், வெந்நீர் தட்டை வளைக்கும்.

2023 அக்டோபர் 15

பணம். ஒரு பல் இம்ப்ளான்டுக்கு எனக்கு மும்பையில் சொன்ன விலைகள் முப்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரத்துக்கு மேல்வரை இருந்தன. அதில் கேப் சேர்ந்ததா, ஸ்கேன் சேர்ந்ததா, எலும்புப் பொடி தனியா என்று கேட்டால் பாதி வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும். விளம்பரத்தில் வரும் குறைந்த விலை பெரும்பாலும் திருகுக்கு மட்டும். பொதுவான மருத்துவக் காப்பீடு, விபத்தில் பட்ட காயம் தவிரப் பல் சிகிச்சையை விலக்கியே வைத்திருக்கும்; ஆகவே பிரிமியம் கட்டுகிறோமே என்று கணக்குப் போடாதீர்கள்.

மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும், சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துப் பக்கம் செயின்ட் ஜார்ஜ் வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள்: செலவு குறைவு, நேரம் அதிகம், விடிகாலை லோக்கல் ரயிலில் போய் வரிசையில் நிற்கும் பொறுமை வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் மாணவர் ஒருவர் ஒவ்வொரு படியையும் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அடுத்ததற்குப் போகிறார். தனியார் நாற்காலியில் அந்த இரண்டாவது கண் இருப்பதில்லை.

"ஒரே நாளில் பல்" என்ற பலகைகள் பற்றியும் ஒரு சொல். முழு வரிசை வைப்பவர்களுக்கு அன்றே கிடைப்பது பெரும்பாலும் தற்காலிக அக்ரிலிக் வரிசை. நிரந்தரமானது சில மாதங்கள் கழித்து வரும். பொய் என்று சொல்லமாட்டேன், சிறிய எழுத்தில் இருப்பதைப் பெரிய எழுத்தில் போட்டால் நன்றாக இருக்கும். வழக்கமான முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு அதைவிடக் கூடுதலாகவும் காத்திருந்து கேப் போடுவார்கள்.

2023 அக்டோபர் 22

பெண்களுக்காக இந்தக் குறிப்பைத் தனியாக எழுதுகிறேன். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறோம், அல்லது ஆண்டுக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்கிறோம். தினசரி மாத்திரைகளைப் பட்டியலிடும்போது இது நினைவுக்கே வராது. அலெண்ட்ரோனேட், ஜோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவை எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள். இவ்வகை மருந்துகளை எடுப்பவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடமோ திருகு வைத்த இடமோ ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போகும் சிக்கல் 2003-இல் முதலில் பதிவானது. மாத்திரை எடுப்பவர்களுக்கு அது அரிது. புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி பெறுபவர்களுக்குத்தான் பெரிய அபாயம். அரிது என்பதற்காகச் சொல்லாமல் விடக் கூடாது. சொன்னால் திட்டமே மாறலாம், என் பெரியம்மா மகளுக்கு மாறியது, பிரிட்ஜோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அறிக்கையோடு போங்கள். கட்டுக்குள் இருந்தால் இம்ப்ளான்டுக்குத் தடையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, இருதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசிக்கொள்ளட்டும். புகைப்பவர்களுக்குத் தோல்வி வாய்ப்பு கூடுகிறது. குட்கா போடுகிறவர்கள் முதலில் வாயைப் புற்றுநோய்க்குச் சோதித்துக்கொள்ளட்டும், பல் அப்புறம்.

2023 நவம்பர் 19

தீபாவளி முடிந்து காட்கோபர் நண்பர் திரும்ப எழுதியிருக்கிறார். முன்பல் பக்கம் இருப்பது முழுமையான பல். பின்னால் இருக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் ஒரு பெரிய பழைய அடைப்பு, லேசான சாய்வு. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் எலும்பின் அகலம் போதும் என்றும், கீழே ஓடும் நரம்புக்கு மேல் நிறைய இடம் இருக்கிறது என்றும் வந்திருக்கிறது. அந்த நரம்புக்கும் திருகின் முனைக்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீட்டர் விட வேண்டும் என்பது விதி, தவறினால் உதடு மரத்துப்போகும். சர்க்கரை இல்லை, புகை இல்லை.

பின்பல்லின் அடைப்பைக் காரணம் காட்டி "எப்படியும் அதற்குக் கேப் வேண்டும், பிரிட்ஜே போடலாம்" என்கிறாராம் இரண்டாம் மருத்துவர். நியாயமான வாதம், என் கணவருக்குச் சொன்ன அதே வாதம். ஆனால் என் கணவருக்கு இரண்டு பற்களும் கெட்டிருந்தன, உங்களுக்கு ஒன்றுதான். சாய்ந்த ஒரு பல்லுக்காக முன்னால் நிற்கும் நல்ல பல்லைச் செதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பின்பல்லுக்குத் தேவைப்பட்டால் தனியாகக் கேப், இடைவெளிக்குத் தனியாக இம்ப்ளான்ட். ஒன்று கெட்டால் மற்றது பிழைக்கும். இது என் தேர்வு, நான் மருத்துவர் அல்ல, ஸ்கேனைப் பார்த்த மருத்துவரின் சொல் என் சொல்லைவிடப் பெரிது.

2024 ஜனவரி 21

திருகு வைத்தாகிவிட்டது, கேப் ஏப்ரல் வாக்கில் என்று எழுதியிருக்கிறீர்கள். "எந்த நிறுவனத்தின் திருகு நல்லது?" என்று இப்போது கேட்பது தாலி கட்டிய பின் ஜாதகம் பார்ப்பது, போகட்டும். கேப்பைப் பற்றி இன்னும் கேட்கலாம்: சிமென்ட் வைத்து ஒட்டப் போகிறார்களா, திருகிப் பூட்டப் போகிறார்களா? ஒட்டினால் ஈறுக்கடியில் மிச்ச சிமென்ட் தங்கி, ஆகஸ்டில் எழுதிய அந்த ஈறு நோயைக் கிளப்பக்கூடும். திருகினால் மேலே ஒரு சிறு துளை இருக்கும், பல் நிறத்தில் அடைத்துவிடுவார்கள், பின்னாளில் கழற்றிப் பழுதுபார்க்கலாம். கடைவாயில் துளையை யாரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்து, திருகு வந்த பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு. நிறுவனம், வகை, விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும், அதையோ அதன் படத்தையோ வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் இணைப்பும் திருப்புளியும் வேறு வேறு. மும்பையில் வேலைபார்த்து ஓய்வுக்குப் பின் பாலக்காட்டுக்கோ திருநெல்வேலிக்கோ போகிறவர்கள் நாம். அங்கே திருகு தளர்ந்து ஒரு மருத்துவரிடம் போய் நின்றால், அவர் முதலில் கேட்பது இந்தச் சீட்டைத்தான். என்னுடையது ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. மாமியாருடைய இரண்டையும் அவர் பூஜை அறையில் வைத்திருக்கிறார், கேட்டால் தரமாட்டார்.